பல்லியின் வலது மணிக்கட்டு

பல்லிக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் அவன் வண்டிமேல் படுத்துக்கிடக்கும் விதம். நேர்ப்பாதையில் மற்ற ரேஸ் ஓட்டிகள் காற்றுக்குத் தலையைக் குனிவார்கள். இவன் பெட்ரோல் டேங்கோடு டேங்காக ஒட்டிக்கொள்வான். ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தவர் முதன்முதலில் அதைப் பார்த்துவிட்டு, "யாருப்பா அது, செவுத்துப் பல்லி மாதிரி?" என்று மைக்கிலேயே கேட்டுத் தொலைத்தார். பெற்றவர்கள் யோசித்து யோசித்து வைத்த பெயர் அதற்கப்புறம் ஆஸ்பத்திரிகளில் பதிவு போடுவதற்கு மட்டும்தான் பயன்பட்டது. அதற்கு அது அடிக்கடி தேவைப்பட்டது என்பது வேறு விஷயம்.

ரேஸுக்கு வருவதற்கு முன்னால் அவன் ரத்தம் சுமந்துகொண்டிருந்தான். சின்னச் சின்ன கிளினிக்குகளில் எடுத்த ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்து, நகரத்தின் மறுகோடியில் இருந்த பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தாமதமாகக் கூடாது, குலுங்கவும் கூடாது. இந்த இரண்டையும் ஒரே ஆளிடம் எதிர்பார்த்தால் அவன் ஒன்று வேலையை விட்டு ஓடிவிடுவான், இல்லாவிட்டால் பைக் ஓட்டக் கற்றுக்கொள்வான். பல்லி கற்றுக்கொண்டான்.

அவனைக் கண்டுபிடித்தவர் தாடி. தாடி ஒரு மெக்கானிக். நெடுஞ்சாலை ஓரத்தில் தகரக் கூரை போட்ட பட்டறையில் ரேஸ் வண்டிகளைப் பிரித்துப் பூட்டுவதுதான் அவருக்குப் பிழைப்பு, பொழுதுபோக்கு, குடும்பம் எல்லாம். ஒருநாள் செயின் மாற்ற வந்த வண்டியின் டயரைக் குனிந்து பார்த்தவர், நிமிரவே இல்லை.

"ரெண்டு ஓரமும் ஒரே அளவுக்குத் தேஞ்சிருக்கு. எந்தப் பக்கம் வளைவு வந்தாலும் பயமில்லாம சாஞ்சிருக்கான். எவன்டா ஓட்டுறது இத?"

"நான்தாண்ணே. ஏதாவது தப்பா?"

"தப்பு இல்லடா. ஞாயித்துக்கெழம சும்மா இருக்கியா?"

முதல் ரேஸில், முதல் வளைவில் பல்லி செய்த காரியத்தை தாடி இன்றைக்கும் நடித்துக் காட்டுவார். பின்னால் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் உறுமிக்கொண்டு வர, இவன் இடது கையை நீட்டி, "இடதுபக்கம் திரும்பப் போறேன்" என்று மரியாதையாகச் சைகை காட்டினான். இத்தனை வருஷம் ரோட்டில் ஓட்டிய பழக்கம்! அன்று அவன் கடைசிக்கு முந்தின இடம். கடைசியாக வந்தவன் இவனுக்கு நேர் பின்னால் வந்தவன். சிரித்துச் சிரித்துப் புல்வெளிக்குள் போய்விட்டான், பாவம்.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கையை உள்ளே இழுத்துக்கொண்டு, ரேஸ் ஓட்டுவதே தொழில் என்று ஆனான். தொழில்முறை ரேஸ் ஓட்டி என்றதும் சுவரொட்டியும் மாலையும் கண்ணுக்கு வரும். பல்லி அந்த ரகம் இல்லை. நாலாவதாக வருவான், அஞ்சாவதாக வருவான், எப்போதாவது மூன்றாவது படியில் ஏறி நின்று போட்டோவுக்கு ஓரமாகச் சிரிப்பான். ஒரே ஒருமுறை, கொட்டுகிற மழையில், முன்னால் போன அத்தனை பேரும் வரிசையாக வழுக்கி விழுந்த அன்று முதலாவதாக வந்தான். வாரநாட்களில் டயர் கம்பெனிக்காக ஒரே வேகத்தில் டிராக்கைச் சுற்றிச் சுற்றி வந்து டயரைத் தேய்த்துக் கொடுப்பான். புதிதாக வருபவர்களுக்கு விழுவது எப்படி என்று சொல்லிக்கொடுப்பான். ஒவ்வொரு சீசன் முடிவிலும் அணி முதலாளி, "பாக்கலாம் தம்பி" என்பார். அந்தப் "பாக்கலாம்" வந்துவிட்டால் அடுத்த வருஷத்துக்குச் சோறு உண்டு.

பெண் கேட்கப் போன இடத்தில் மாமனார் கேட்ட கேள்வியும் அந்தச் சோற்றைப் பற்றித்தான்.

"மாப்பிள்ளைக்கு என்ன வேல?"

"பைக் ஓட்றேங்க."

"அது சரி, நானும்தான் ஓட்றேன். வேல என்ன?"

பெண் உள்ளேயிருந்து சிரித்த சத்தம் வெளியே கேட்டது. அவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெல்மெட்டுக்குள் நுழைகிற மாதிரி ஒரு கூலிங்கிளாஸ் வேண்டும் என்று பல்லி போய் நின்ற கடை அது. ஃபிரேமின் காதுக்கம்பிகளைச் சூடு காட்டி நேராக நிமிர்த்திக் கொடுத்தவள் அவள்தான். சரியாகத்தான் நிமிர்த்தினாள். ஆனால் சரியில்லை, சரியில்லை என்று அவன் நாலு தடவை போனான். நாலாவது தடவை அவளே, "கண்ணாடி நல்லாத்தான் இருக்கு, உங்களுக்குத்தான் ஏதோ கோளாறு" என்று சொல்லிவிட்டாள். இதற்குமேல் எந்த மாமனாரால் என்ன செய்ய முடியும்?

ஒரு மகள் பிறந்தாள். பல்லியின் உடம்பில் அதற்குள் தோள்பட்டையில் ஒரு தகடு, கணுக்காலில் ரெண்டு ஆணி. அவையெல்லாம் ஆறிப்போன கதை. ஆறாதது வலது மணிக்கட்டு.

ஒரு ரேஸில் விழுந்த அன்றே அது உடைந்திருந்தது. உள்ளுக்குள் முந்திரிக்கொட்டை அளவில் இருக்கிற ஒரு குட்டி எலும்பு. சீசன் நடுவில் இருந்ததால் சுளுக்கு என்று சொல்லிவிட்டான். ரேஸ் ஓட்டிகள் எல்லோருமே இப்படித்தான். யாரும் தானாக நிறுத்துவதில்லை. டாக்டர் நிறுத்துவார், இல்லாவிட்டால் முதலாளி நிறுத்துவார். "என்னை நிறுத்திட்டாங்க" என்று டீ குடித்துக்கொண்டே சொல்லிப் புலம்புவதில் ஒரு மரியாதை உண்டு. "நான் நிறுத்திட்டேன்" என்று சொன்ன ஒருவனைப் பல்லி தன் வாழ்நாளில் பார்த்தது இல்லை. டிராக் டாக்டர் தண்டால் எடுக்கச் சொன்னபோதுகூட, உள்ளங்கையை ஊன்ற முடியாதென்று, "முஷ்டில எடுக்குறேன் டாக்டர், அதுதான் கஷ்டம்" என்று எடுத்துக் காட்டினான். டாக்டர் அசந்துபோய்க் கையெழுத்துப் போட்டார். இப்படி ரெண்டு சீசன் தண்ணி காட்டினான். கடைசியில் ஒருநாள் தண்ணீர்க் குழாயைத் திறக்க முடியாமல் பாத்ரூமில் நின்றுகொண்டிருந்தான்.

எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார்.

"தேஞ்சுபோச்சுன்னு சொல்ல முடியாது. தேயறதுக்கு அங்க ஒண்ணும் மிச்சமில்ல. முன்னங்கை எலும்பையும் உள்ளங்கை எலும்பையும் சேத்து ஒரு தகடு வச்சு இறுக்கிடலாம். வலி போயிடும். ஆனா மணிக்கட்டு அதுக்கப்புறம் மடங்காது. எந்தக் கோணத்துல வைக்கிறேனோ, ஆயுசுக்கும் அதே கோணம்தான்."

பல்லிக்கு மற்ற எதுவும் காதில் விழவில்லை.

"கோணத்த நாம சொல்லலாமா டாக்டர்?"

இப்படி ஒரு கேள்வியை அந்த மனிதர் அதுவரை கேட்டதில்லை போலும். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "வழக்கமா லேசா மேல தூக்குனாப்ல வைப்போம். அதுதான் எல்லா வேலைக்கும் தோதா இருக்கும்" என்றார்.

அடுத்த முறை பல்லி தாடியையும் கூட்டிக்கொண்டு போனான். தாடி கையில் ஒரு துணிப்பை, பைக்குள் ரேஸ் வண்டியின் பாதி ஹேண்டில்பார். வாசல் காவலாளி பையைத் திறந்து பார்த்துவிட்டு, "ஆக்சிடெண்ட் கேஸா? மீதி வண்டி எங்க?" என்று கேட்டார். டாக்டரின் மேசைமேல் அதை வைத்து, பல்லி ரேஸ் ஓட்டுகிற மாதிரி பிடித்துக் காட்டினான். கை கீழே தொங்கி, சுண்டுவிரல் பக்கம் ஒடிந்தாற்போல் சாய்ந்திருந்தது.

"இப்படி வச்சா நாற்காலில கையூனி எந்திரிக்க முடியாது. தட்ட நேராப் புடிக்க முடியாது. கதவத் தள்ள முடியாது. எதையும் இறுக்கிப் புடிக்க வலு இருக்காது."

"பிரேக் புடிக்கலாமா டாக்டர்? அதுக்கு ரெண்டு விரல் போதும்."

"புடிக்கலாம்."

"ஆக்ஸிலேட்டர்?"

"முழங்கைய ஆட்டி முறுக்கணும். முறுக்கலாம்."

"அப்ப இப்படியே வச்சிருங்க."

டாக்டர் ஹேண்டில்பாரை ஓரமாக நகர்த்தி வைத்தார். "இன்னும் எத்தன வருஷம் ஓட்டுவீங்க?"

"ரெண்டு. மூணுகூட ஓட்டலாம்."

"கை எத்தன வருஷம் வேணும்?"

தாடி தலைக்குமேல் சுற்றிய மின்விசிறியை ஆராயத் தொடங்கினார். பல்லிக்குப் பதில் தெரியும். ஆனால் புது சீசனுக்கு முதலாளி "பாக்கலாம்" சொல்லியாயிற்று. முதல் சோதனை ஓட்டத்துக்குள் வண்டிமேல் இருந்தால் இடம் அவனுக்கு, இல்லாவிட்டால் இன்னொருத்தனுக்கு.

"ஒண்ணு பண்ணுங்க," என்றார் டாக்டர். "நீங்க கேக்குற கோணத்துல ஒரு மாவுக்கட்டு போட்டுக்குங்க. அதோட வாழ்ந்து பாருங்க. வாழ்ந்து பாத்துட்டு வந்து சொல்லுங்க, அப்படியே வைக்கிறேன்."

மாவுக்கட்டு போடுகிறவர் அதே ஆஸ்பத்திரி ஊழியர், ரேஸ் பைத்தியம். பல்லியின் கை என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும் கட்டுச்சாமான்களோடு பட்டறைக்கே வந்துவிட்டார். கோணம் துல்லியமாக இருக்கவேண்டும் என்றால் வண்டிமேல் படுத்தபடியே கட்டு போட்டால்தான் முடியும் என்று மூன்று பேரும் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, பல்லி தோல் உடுப்பையும் ஹெல்மெட்டையும் மாட்டிக்கொண்டு டேங்கில் ஒட்டினான். வலது கையை மட்டும் உடுப்பிலிருந்து வெளியே எடுத்திருந்தான். தாடி ஒற்றைக்கண்ணை மூடி, ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

"முழங்கைய எறக்கு. இன்னும். ஆங், அதேதான். மூச்சுகூட விடாத."

கட்டுக்காரர் வாளியில் நனைத்து நனைத்துச் சுற்றினார். முன்னங்கை, மணிக்கட்டு, புறங்கை, விரல்கள். மாவு சூடேறி இறுகியது. "இந்தக் கோணம் மயிரிழகூட நகராது. நான் கேரண்டி" என்று அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ம், எறங்குடா," என்றார் தாடி.

பல்லி இறங்கினான். வண்டியும் கூடவே வந்தது.

மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் விஷயம் விளங்கியது. கோணம் நகரக் கூடாது, நகரக் கூடாது என்ற ஒரே கவலையில், கையோடு ஆக்ஸிலேட்டர் பிடியையும் சேர்த்துச் சுற்றியிருந்தார் மகானுபாவர். மாவுக்கட்டை அறுக்கிற மெஷின் ஆஸ்பத்திரியில் இருந்தது, அந்த அறையைத் திங்கட்கிழமைதான் திறப்பார்கள். தாடி இரும்பு அறுக்கிற மெஷினை எடுத்தார். "அண்ணே, அத வைங்க மொதல்ல" என்று பல்லி போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். கடைசியில் போல்ட்டைக் கழற்றி, பிடி மாட்டியிருந்த ஹேண்டில்பார் குழாயையே வண்டியிலிருந்து பிரித்து அவனோடு அனுப்பினார்கள்.

பஸ்ஸில் அவனுக்கு உடனே உட்கார இடம் கிடைத்தது. எதிரே இருந்த அம்மாள் அவன் கையிலிருந்த ஆக்ஸிலேட்டரையும், அதிலிருந்து தொங்கிய கேபிளையும் வெகுநேரம் பார்த்துவிட்டு, "வண்டி எங்கப்பா?" என்று கேட்டாள்.

"பின்னால வருதும்மா."

வீட்டில் அவன் மனைவி கதவைத் திறந்தாள், பார்த்தாள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவு சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவனும் சிரித்தான். மகள் ஓடிவந்து குழாயின் நுனியைப் பிடித்து முறுக்கி, "டுர்ர்ர்" என்றாள். சாயந்திரம் முழுக்க அப்பாதான் வண்டி.

ஞாயிற்றுக்கிழமை சிரிப்பு தீர்ந்துபோனது. பல் துலக்குவது, பொத்தான் போடுவது, கதவைத் திறப்பது எல்லாமே இடது கையால். தட்டை வலது முன்னங்கைமேல் வைத்துப் பார்த்தான். அது மெதுவாகச் சரிந்து, குழம்பு மடியில் இறங்கியது. நாற்காலியிலிருந்து எழும்போதெல்லாம் ஒரு பக்கமாகப் புரண்டு எழுந்தான். குழாய் இல்லாவிட்டாலும் இதே நிலைதான் என்பது அவனுக்குத் தெரிந்தது. ஆனால் அவனை அரித்துக்கொண்டிருந்தது அதெல்லாம் இல்லை. மனைவி இன்னும் சண்டைக்கு வரவில்லை. என்றைக்காவது ஒருநாள் அவள் "வேணாம்" என்று குதிப்பாள் என்று காத்திருந்தான், ஒவ்வொன்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தான். ரெண்டு வருஷம்தான், இந்த ஒரு தொழில்தான் தெரியும், உனக்கு என்னைத் தெரியாதா என்று அடுக்கி வைத்திருந்தான். அவளோ ஈரத்துணி எடுத்துவந்து மடியைத் துடைத்துவிட்டு, எழுந்து போய்விட்டாள்.

மத்தியானம் பாத்ரூம் பக்கம் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தான். கண்ணாடிக் கடையில் கண்ணுக்கும் கண்ணுக்கும் இடைவெளி பார்க்கிற சின்ன ஸ்கேலை வைத்துக்கொண்டு, சுவரில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ற?"

"கம்பி வைக்கணுங்க. ஒக்காந்து எந்திரிக்க. இடது கைக்கு எட்டுற மாதிரி." திரும்பாமலே சொன்னாள். "இப்ப சரியா இருக்கும். வயசானா முட்டி வேற மடங்காது. அதான் இன்னொண்ணு கீழயும் வச்சுறலாம்னு பாக்குறேன்."

அப்போதுதான் அவன் சுற்றிலும் பார்த்தான். கைப்பிடி உருண்டையாக இருந்த கதவில் துணிக்கயிற்று வளையம் ஒன்று கட்டியிருந்தது. அலமாரியில் டம்ளர்கள் இடதுபக்கம் மாறியிருந்தன. விளிம்பு உயர்ந்த தட்டு ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. அவன் கேட்ட அந்த ரெண்டு மூன்று வருஷத்துக்காக அவள் நாற்பது வருஷத்துக்கு வீட்டை மாற்றிக்கொண்டிருந்தாள், ஒரு வார்த்தை முணுமுணுக்காமல்.

"நீ ஏன் வேணாம்னு சொல்லல?"

அவள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு திரும்பினாள்.

"சொன்னா நீங்க கேட்டுருவீங்க."

"அதனால?"

"அப்புறம் அந்தக் கையப் பாக்குறப்பெல்லாம், இவ தடுக்காம இருந்திருந்தா ஓட்டியிருக்கலாமேன்னு தோணும். வாயவிட்டுச் சொல்ல மாட்டீங்க. ஆனா தோணும். எனக்கு அது வேணாம். வளஞ்ச கையா இருந்தாப் பரவால்ல, நான் பாத்துக்குறேன்."

பல்லி அடுக்கி வைத்திருந்ததெல்லாம் சண்டைக்கான பதில்கள். இது சண்டையில்லையே. அவன் போய்க் கட்டிலில் உட்கார்ந்தான். இத்தனை நாளும் எல்லோரையும் கெஞ்சிக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தான். டாக்டரை, தாடியை, அவளை. உண்மையில், யாராவது ஒருத்தர் மாட்டேன் என்று சொல்லமாட்டார்களா என்றுதான் காத்திருந்திருக்கிறான். தடுத்துவிட்டால் திட்டிக்கொண்டே வீட்டில் இருந்துவிடலாம். டாக்டர் வாழ்ந்து பார்க்கச் சொன்னார், தாடி ஒற்றைக்கண்ணை மூடி அளவு பார்த்தார், இவள் சுவரில் கம்பி வைக்கிறாள். ஒருத்தரும் தடுக்கவில்லை. மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் வளைவுக்குள் நுழைந்தபோதெல்லாம் வராத பயம் அப்போது வந்தது. நன்றாகவே பயந்தான்.

திங்கட்கிழமை காலை கட்டை அறுத்தார்கள். ஆக்ஸிலேட்டர் குழாய் தட்டில் விழுந்தது. கட்டுக்காரர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். டாக்டர் வந்து பல்லியின் கையைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, பேனா மூடியைத் திறந்தார்.

"சொல்லுங்க. எப்படி வைக்கலாம்?"

"லேசா மேல தூக்குனாப்ல வைங்க."

டாக்டர், கூட வந்திருந்த பல்லியின் மனைவியைப் பார்த்தார். "வீட்ல சொன்னாங்களா?"

"இல்ல டாக்டர். நான்தான் சொல்றேன்." சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. அத்தனை பேர் முன்னாலும், அந்தக் கட்டுக்காரர் முன்னாலும், விசும்பி விசும்பி அழுதான். மனைவி அவனுடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதலாளி போன் செய்தபோது மிகவும் வருத்தப்பட்டார். "டாக்டர் விடலையா தம்பி? அவனுங்களே இப்படித்தான்." ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ரேஸ் உலகம் முழுக்க அவனுக்காக டாக்டரைத் திட்டியிருக்கும். பல்லிக்கு நாக்கு நுனிவரை அது வந்துவிட்டது.

"டாக்டர் விட்டாருங்க," என்றான். "நான்தான் விடல."

ஆபரேஷன் முடிந்து, எலும்பு சேர்ந்து, கட்டுப் பிரித்து, கை ஓரளவு தேறியதும் பட்டறைக்குப் போனான். அவன் ஓட்டிய வண்டியைத் தாடி இன்னும் புது ஆளிடம் ஒப்படைக்கவில்லை. சாக்குப்போக்குச் சொல்லித் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். குழாயைத் திரும்ப மாட்டியிருந்தார். பல்லி ஏறி உட்கார்ந்தான், டேங்கோடு ஒட்டினான், வலது கையை வைத்தான். பழைய மாதிரி அது போய் உட்காரவில்லை. முழங்கை வெளியே பிதுங்கி நின்றது. முறுக்கினான். கொஞ்சதூரம் திரும்பியதும் முழங்கை உள்பக்கமாக இறங்கி டேங்கில் முட்டிக்கொண்டது. இன்னொருமுறை முறுக்கிப் பார்த்தான்.

"பாதிதாண்ணே தெறக்குது," என்றான். சிரிக்கத்தான் பார்த்தான்.

தாடி ஸ்டாண்டைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார். வெகுநேரம் நிமிரவில்லை.

"பாதி போதும்டா," என்றார். "வீட்டுக்குத்தான போற."